போகாத வீடுகளுக்குப் போனவள்

கடலுக்கும் கரிசலுக்கும் நடுவே, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை உப்புப் பாத்திகள் வெள்ளை வெளேரென்று கிடக்கிற உமரிப்பட்டியில், ஒரே காலத்தில் இரண்டு மரியபுஷ்பம் இருந்தார்கள். ஒருத்தி ஸ்கூட்டரில் வந்தாள், இன்னொருத்தி நடந்து வந்தாள். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் வாயைப் பிளப்பார்கள். உமரிப்பட்டிக்காரர்கள் பிளக்கவில்லை, உப்பு வாரவே அவர்களுக்குப் பொழுது போதவில்லை.

மரியபுஷ்பம் அரசாங்க நர்ஸ். ஆஸ்பத்திரியில் உட்கார்ந்திருக்கிற நர்ஸ் இல்லை, வீடு வீடாகப் போய்ப் பிள்ளைத்தாய்ச்சிகளைப் பார்க்கிற கிராம நர்ஸ். உமரிப்பட்டியும் உப்பளத்துக்குள் சிதறிக் கிடந்த நாலு குடியிருப்புகளும் அவள் பொறுப்பு. இருபத்திரண்டு வருடம் அந்த வரப்புகளில் நடந்தாள். ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் பெண்ணின் காலைப் பார்ப்பாள், பெருவிரலால் கணுக்காலை அழுத்தி வீக்கம் குழி விழுகிறதா என்று பார்ப்பாள், பிறகு வயிற்றில் கை வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள், பிள்ளையின் தலை எங்கே, முதுகு எங்கே, அது தூங்குகிறதா விழித்திருக்கிறதா என்று கை சொல்லும், கை சொல்வதை அவள் வாய் சொல்லும். எழுதுவது மட்டும் அவளுக்கு வராது. எழுதுகிற நேரத்தில் இன்னொரு வீட்டுக்குப் போய்விடலாமே என்று தோன்றும், போய்விடுவாள்.

அந்தோணியம்மாள் என்கிற பெண் பிரசவத்துக்குப் போகிற வழியில் இறந்துபோனபோதுதான் அதற்கு விலை கேட்டார்கள். மாவட்டத் தலைநகரில் ஏசி அறையில் விசாரணை நடந்தது. பதினோரு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள், மரியபுஷ்பம் மூன்று மணி நேரம் நின்றாள். அந்தப் பெண்ணை அவள் ஒன்பது தடவை பார்த்திருந்தாள், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ என்று காலைப் பிடிக்காத குறையாகச் சொல்லியிருந்தாள், ஆனால் பதிவேட்டில் இரண்டு தடவைதான் இருந்தது.

"பாக்கி ஏழு தடவை போனதுக்கு என்னம்மா ஆதாரம்?" என்று கேட்டார் நடுவில் இருந்தவர்.

"போனேன் சார். அவ வீட்டுல கேளுங்க சார்."

"எழுதலைன்னா போகலைன்னுதான் அர்த்தம்."

செய்யாத தப்புக்குப் பதினேழு பி என்கிற குற்றச்சாட்டுக் கடிதம் வந்தது. அந்தக் காகிதத்தை வாங்கிய அரசாங்க ஊழியர் யாரும் அதற்கு முன்பு இருந்த ஆளாகத் திரும்பி வந்ததில்லை. மரியபுஷ்பமும் வரவில்லை. இனிமேல் ஒரு எழுத்து விடமாட்டேன் என்று மாதா படத்தின் முன்னால் நின்று சொன்னாள். சொன்ன வேளையோ என்னவோ, அதே மாதம் அரசாங்கமும் எல்லா நர்ஸுகளுக்கும் ஒரு போனைக் கொடுத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் அறுபத்து நான்கு கேள்வி, பெண்ணோடு நர்ஸ் நிற்கிற ஒரு போட்டோ, இன்ன இடத்தில் நிற்கிறாள் என்று செயற்கைக்கோள் தருகிற சாட்சி. இத்தனையும் ஏற்றினால்தான் ஒரு வீட்டுக்குப் போனதாகச் சேரும்.

முதலில் அவள் வயிற்றில் கை வைப்பதை நிறுத்தினாள், நேரமில்லை. அடுத்து உட்காருவதை நிறுத்தினாள். அப்புறம் ஸ்கூட்டரை விட்டு இறங்குவதையே நிறுத்திவிட்டு, தெருமுனையில் ஹாரன் அடிப்பாள், பிள்ளைத்தாய்ச்சி மூச்சு வாங்க ஓடி வருவாள், ஒரு போட்டோ, போ. அதற்கும் நேரம் போதாமல் போனபோதுதான், அறுபத்து நான்கு கேள்விக்கும் கீழே, விரல் படாத ஒரு மூலையில், 'சிக்னல் இல்லாத பகுதி' என்று ஒரு சின்னக் கட்டம் இருப்பதைக் கண்டுபிடித்தாள். அதில் டிக் அடித்தால் போன் போட்டோவும் கேட்காது, சாட்சியும் கேட்காது. உப்பளத்துக்குள் சிக்னல் எங்கே கிடைக்கும்? ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், துணை சுகாதார நிலையத்தின் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்துகொண்டு, உப்பளத்துக்குள் இருந்த பதினோரு வீடுகளுக்கும் போய்வந்ததாக ஏற்றினாள். பொய் சொல்லிப் பழக்கமில்லாத கை, இரண்டு மூன்று தடவை தப்பான கட்டத்தைத் தொட்டது.

மறுநாள் தெருவில் எதிர்ப்பட்ட பெண் ஒருத்தி, "நேத்து நீங்க சொன்ன மாதிரியே இடது பக்கமாப் படுத்தேன்க்கா, முதுகு வலியே இல்ல" என்றாள். இன்னொருத்தி, "பிள்ளை தல திரும்பிட்டுன்னு நீங்க சொன்னதும்தான் எனக்கு உசிரு வந்துச்சு" என்றாள். என்னைக் காப்பாற்றுவதற்காக எல்லோரும் சேர்ந்து பொய் சொல்கிறார்கள் என்று நினைத்து மரியபுஷ்பத்துக்குக் கண் கலங்கிவிட்டது. டீக்கடை அருள்தாசுதான் விஷயத்தை உடைத்தான். வண்டியில் வந்து நின்றவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "என்னக்கா, இப்பத்தான வடக்குத் தெருப் பக்கம் நடந்து போனிய, அதுக்குள்ள தெக்க இருந்து வண்டில வாறிய?" என்றான். கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த ஆளுக்கு டீ ஆற்றப் போய்விட்டான்.

அப்படித்தான் அந்த இன்னொருத்தி வந்தாள். அதே முகம், அதே உயரம், பழைய நீலப் புடவை, தோளில் துணிப்பை, அதற்குள் வயிற்றில் வைத்துக் கேட்கிற மரக்குழல். எழுதப்பட்ட வீட்டுக்கெல்லாம் போனாள், ஒரு வீடு விடவில்லை. உட்கார்ந்தாள், காலை அழுத்திப் பார்த்தாள், கண்ணை மூடிக்கொண்டாள், கொடுத்த கருப்பட்டிக் காப்பியைக் குடித்தாள். இருபத்திரண்டு வருடமாக நடந்து, எழுதப்படாமலே போன நடையெல்லாம் சேர்ந்துதான் அப்படி எழுந்து நடக்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஊர் அதற்கு மேல் அதை நோண்டவில்லை.

பெயர் வைக்கிற வேலையை மட்டும் உடனே முடித்தார்கள். வண்டி நர்ஸ், நடை நர்ஸ். வண்டி நர்ஸ் வந்தால் முந்தானையைச் சரி செய்துகொண்டு போட்டோவுக்கு நின்றார்கள், நடை நர்ஸ் வந்தால் பாயை விரித்தார்கள். புருஷன் அடித்ததை, வெள்ளை படுவதை, மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்தால் என்ன ஆகும் என்ற பயத்தை நடை நர்ஸிடம் மட்டும் சொன்னார்கள். பங்குச்சாமியார் ஒருநாள் ஒளிந்திருந்து பார்த்துவிட்டு, கோயிலைத் தாண்டும்போது சிலுவை போட்டுக்கொள்கிறாள், நமக்கென்ன என்று சொல்லிவிட்டார். சுடலைமாடனுக்கு ஆடுகிற கோமரத்தாடி, நிழல் விழுகிறதா என்று பார்த்தார், விழுந்தது, அவரும் சரி என்றுவிட்டார். கலெக்டருக்கு மனுப் போடலாமா என்று ரேஷன் கடை முன்னால் கூடிப் பேசியபோது, உப்பு வாருகிற பெண்களுக்குத் தலைவியான பிச்சம்மா எழுந்து ஒரே பேச்சில் கூட்டத்தை முடித்து வைத்தாள்.

"ரெண்டு நர்ஸ் இருக்குன்னு மேல தெரிஞ்சா ஒண்ண வேற ஊருக்கு மாத்திருவான். எத மாத்துவான்? நடக்கிறதத்தான் மாத்துவான். வாயப் பொத்திக்கிட்டுப் போங்க."

பொத்திக்கொண்டார்கள். ஊரே ஒரு ரகசியத்தைக் காப்பாற்றியது அந்த ஒரு தடவைதான். வி.ஏ.ஓ. தனுஷ்கோடி மட்டும் இதைக் கேள்விப்பட்டு ஆசைப்பட்டு, கண்மாய்க் கரையை ஆய்வு செய்ததாக, புயல் பாதுகாப்பு மையத்தைப் பார்வையிட்டதாக நாலைந்து பக்கம் எழுதிவைத்துவிட்டுக் காத்திருந்தார். யாரும் நடந்து வரவில்லை. அவர் பணியில் சேர்ந்த நாளிலிருந்து கண்மாய்ப் பக்கம் போனதே கிடையாது, அப்புறம் எது எழுந்து நடக்கும்?

மரியபுஷ்பத்துக்கு முதலில் பயமாக இருந்தது, பிறகு நிம்மதியாக இருந்தது, அப்புறம் பழகிவிட்டது. பதினொன்று முப்பதானது, முப்பது எல்லா வீடுமானது. அவள் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து டிக் அடிக்க அடிக்க, வெளியே வெயிலில் ஒருத்தி வரப்பு வரப்பாக நடந்தாள். பதினேழு பி ரத்தானது. குடியரசு தினத்தன்று மேடையில் ஏற்றிப் பாராட்டுப் பத்திரம் கொடுத்தார்கள், மற்ற நர்ஸுகளை இவளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் கால் கழுவும்போது புருஷன் ராயப்பன் சொன்னார்.

"என்ன புஷ்பம், ஒன் காலு இப்படிப் பூப்போல ஆயிட்டு? வெடிப்பெல்லாம் எங்க?"

குனிந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாக ஆழ ஓடியிருந்த பித்தவெடிப்பு ஒன்று கூட இல்லை. அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் படத் தொடங்கியது. தெருவில் வணக்கம் சொல்கிற பெண்ணின் பெயர் தெரியவில்லை. அவள் கையாலேயே பிறந்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது எது யாருடையது என்று தெரியவில்லை. ஒருநாள் மருமகள் முறையில் இருந்த சொந்தக்காரப் பெண்ணின் வயிற்றில் கை வைத்தாள், சுவரில் வைத்த மாதிரி இருந்தது. ஐந்தாம் மாதமா, எட்டாம் மாதமா, கை ஒன்றும் சொல்லவில்லை. இரண்டு மூன்று தடவை நடை நர்ஸைத் தேடிக்கொண்டு போனாள். தூரத்தில், கண் கூசுகிற உப்பு வெள்ளைக்கு நடுவில், நீலப் புடவை போய்க்கொண்டிருப்பது தெரியும். எவ்வளவு வேகமாக வண்டியை விரட்டினாலும் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது, "இப்பத்தான்க்கா போனாவ" என்பார்கள். பாயில் உட்கார்ந்த இடம் இன்னும் சூடாக இருக்கும்.

அந்த வருடம்தான் சிவப்புப் பட்டியல் வந்தது. ரத்த அழுத்தம், சோகை, ஏற்கெனவே பிள்ளை இறந்தது என்று ஆபத்தில் இருக்கிற பெண்களின் பெயர் போனில் சிவப்பாகத் தெரியும், சிவப்பில் இருக்கிற பெண்ணுக்கு ஒன்று ஆனால் அந்த நர்ஸின் வேலை போய்விடும். கூட்டத்தில் இதைச் சொன்ன வட்டார மருத்துவ அலுவலருக்கும் மேலே இருந்து அதையேதான் சொல்லியிருந்தார்கள், பாவம், அவர் கழுத்துக்கும் கயிறு இருந்தது. கூட்டம் முடிந்து வெளியே வந்ததும் நர்ஸுகள் தங்களுக்குள் குசுகுசுவென்று ஒரு வழி சொல்லிக்கொண்டார்கள். தலைப்பிள்ளை என்று இல்லை, எந்தப் பிள்ளைக்கும் தாய்வீட்டுக்குப் போகிற வழக்கம் உண்டல்லவா? சிவப்பில் இருக்கிற பெண்ணை 'தாய்வீட்டுக்குச் சென்றுவிட்டார், வேறு மாவட்டம்' என்று ஏற்றிவிட்டால் பெயர் தானாகப் பட்டியலை விட்டுப் போய்விடும்.

உமரிப்பட்டியில் சிவப்பாக இருந்தது ஒரே பெயர். சுடலைவடிவு. மூன்றாவது பிள்ளை சுமக்கிறாள், இரண்டாவது வயிற்றிலேயே இறந்தது, பிரஷர் ஏறிக்கொண்டே இருந்தது. மரியபுஷ்பம் அந்தப் பெயரை அரை மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தோணியம்மாளின் முகம் வந்தது, மூன்று மணி நேரம் நின்ற தரை வந்தது. டிக் அடித்தாள். பெயர் போய்விட்டது, திரை பச்சையானது. அவள் செய்ததிலேயே கேவலமான காரியம் அதுதான், அது அவளுக்கு அப்போதே தெரியும்.

அடுத்த செவ்வாய்க்கிழமை சுடலைவடிவு பாயை விரித்து, காப்பி போட்டு வைத்துவிட்டு வாசலில் நின்றாள். நடை நர்ஸ் வந்தாள், வாசலைத் தாண்டிப் போனாள். "எக்கா" என்று கூப்பிட்டாள். திரும்பவில்லை. மறுவாரமும் திரும்பவில்லை. மூன்றாவது வாரம் குறுக்கே போய் நின்றாள், நடை நர்ஸ் காலி இடத்தைத் தாண்டுகிற மாதிரி அவளைச் சுற்றிக்கொண்டு போனாள். ஊர் இதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. அவ்வளவு நல்ல மனுசி ஒரு வாசலைத் திரும்பிப் பார்க்கவில்லை என்றால் அந்த வாசலில் என்னவோ இருக்கிறது என்று ஊர் முடிவு கட்டியது. பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தை மறுபக்கம் தள்ளி வைத்தாள். உப்பளத்தில் அவளோடு ஒரே பாத்தியில் உப்பு வாருகிற பலகையைப் பிடிக்க ஆள் வரவில்லை. அவள் புருஷன் விசைப்படகில், வாரக்கணக்கில் கடலிலேயே கிடந்து மீன் பிடிக்கிற தங்கலுக்குப் போயிருந்தான். அந்த நாலு வாரம் சுடலைவடிவோடு பேசியது அவள் மகள் மட்டும்தான்.

ஐந்தாவது செவ்வாய் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு, கொளுத்துகிற வெயிலில், அவளே துணை சுகாதார நிலையத்துக்கு நடந்து வந்தாள். முகம் வீங்கிக் கண் இடுங்கியிருந்தது.

"எக்கா, நீங்க ரெண்டா தெரியிறீய. தல வெடிக்கிற மாதிரி இருக்கு. எக்கா, நான் எங்கயும் போவலக்கா. எனக்குத் தாய்வீடே கிடையாதுக்கா. எங்கம்மா செத்து ஒம்பது வருசமாச்சு, ஒங்களுக்குத் தெரியும்லா?"

தெரிந்திருக்க வேண்டியதுதான். மரியபுஷ்பம் அவளைப் படுக்க வைத்தாள். பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுற்றிவிட்டு ஸ்டெதாஸ்கோப்பைக் காதில் வைத்தாள், ஒன்றும் கேட்கவில்லை. வயிற்றில் கை வைத்தாள், சுவர். இன்னும் கொஞ்ச நேரத்தில் வலிப்பு வரும், அதற்கு முன்னால் போட வேண்டிய ஊசி அலமாரியில் இருக்கிறது என்பது நினைவிருந்தது, அதை எங்கே, எவ்வளவு ஆழத்தில், எப்படி என்பது நினைவில் இல்லை. ஆம்புலன்ஸுக்கு அடித்தாள், பாலத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறோம், முக்கால் மணி நேரம் ஆகும் என்றார்கள். வட்டார மருத்துவ அலுவலருக்கு அடித்து வடிவின் பெயரைச் சொன்னாள்.

"பட்டியல்ல இல்லாத பொண்ணா?" என்றார் அவர். "வண்டி வந்ததும் ஏத்தி விட்ருங்க சிஸ்டர். நம்ம இடத்துல பாத்ததா எங்கயும் எழுத வேண்டாம்."

ஜன்னலுக்கு வெளியே நீலப் புடவை போனது. மரியபுஷ்பம் செருப்பில்லாமல் ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தாள். பிடிபட்டது. வெடித்துக் காய்த்த, சூடான கை.

"உள்ள வா. வடிவப் பாரு. ஒன் காலப் பிடிக்கேன், ஒரு தடவ பாரு."

நடை நர்ஸ் நின்றாள். வாசல் வழியாகக் கட்டிலைப் பார்த்தாள். அவள் பேசியது அந்த ஊரில் வேறு யாரிடமும் பேசாத குரலில்.

"எந்த வடிவு? அவ தாய்வீட்டுக்குப் போயிட்டாள்லா. கட்டில் காலியாக் கெடக்கு. நீதான எழுதுன? நீ எழுதுன வீட்டுக்குத்தான் நான் போவேன்."

மரியபுஷ்பம் போனை எடுத்து அந்தப் பதிவை அழிக்கப் பார்த்தாள். மேலதிகாரி அனுமதி இன்றி மாற்ற இயலாது என்று வந்தது. மறுபடி அழுத்தினாள், மறுபடி வந்தது. கட்டிலில் சுடலைவடிவின் விரல்கள் துடிக்கத் தொடங்கின. அப்போது அலமாரி மேல் தூசி படிந்து கிடந்த பழைய காகிதப் பதிவேட்டை இழுத்துப் போட்டு, கிடைத்த பேனாவால், இரண்டு வருடமாக எந்த வீட்டுக்கும் நான் போகவில்லை, சுடலைவடிவு இங்கேதான் இருக்கிறாள், என்று எழுதி, தேதி போட்டு, முழுப் பெயரையும் கையெழுத்தாகப் போட்டாள். வேலை போகும் என்று தெரிந்துதான் போட்டாள்.

வாசலில் நின்றவள் தோளில் இருந்த பையை இறக்கி வைத்தாள். ரொம்ப நாள் ஒரே இடத்தில் நிற்க வைத்துவிட்டு, போதும் வீட்டுக்குப் போ என்று யாரோ சொன்ன மாதிரி அவள் முகம் தளர்ந்தது. அடுத்த நொடி வாசலில் பை மட்டும் இருந்தது. இரண்டு வருடம் நடந்த நடை அத்தனையும் ஒன்றாக மரியபுஷ்பத்தின் காலில் ஏறியது, குதிகால் பிளந்து ரத்தம் கசிந்தது, அவள் அலறிக்கொண்டே கட்டிலுக்குப் போய்க் கையை வைத்தாள். கை பேசியது. பிள்ளை இருக்கிறது, தலை கீழே இருக்கிறது, சோர்ந்திருக்கிறது, சீக்கிரம். சுடலைவடிவை இடது பக்கம் புரட்டினாள், இரண்டு பக்க இடுப்புத் தசையிலும் ஊசியை ஆழ இறக்கினாள், "ஏட்டி, என்னையப் பாரு, எம்மூஞ்சியப் பாரு" என்று ஆம்புலன்ஸ் வரும் வரை பேசிக்கொண்டே இருந்தாள், அதிலேயே ஏறிப் பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் போனாள். சாயங்காலம் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் பிழைத்தாள்.

மறுவாரத்திலிருந்து மரியபுஷ்பம் நொண்டி நொண்டி வீடு வீடாக நடந்தாள். பெண்கள் பாயை விரித்தார்கள், வயிற்றைக் காட்டினார்கள், மனசில் இருந்ததைக் கொட்டினார்கள். நடை நர்ஸுக்குக் காலில் என்னவோ ஆகிவிட்டது என்று மட்டும் பேசிக்கொண்டார்கள். ஒரு வீட்டிலாவது, ஒரு பேச்சுக்காவது, வண்டி நர்ஸ் எங்கே என்று யாரும் கேட்கவில்லை. அவளுக்கு அதுதான் குதிகாலை விட வலித்தது. சுடலைவடிவின் வாசலுக்கும் போனாள். அன்றைக்கே பக்கத்து வீட்டுக்காரி குடத்தைப் பழைய இடத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

பதிவேட்டில் எழுதியது மேலே போய், விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். இந்த முறை நாற்காலி கொடுத்தார்கள், பாராட்டுப் பத்திரம் வாங்கியவள் அல்லவா. விசாரணை அதிகாரி புதியவர், கண்ணியமானவர், எல்லாவற்றையும் படித்துவிட்டு வந்திருந்தார்.

"நீங்க ரெண்டு வருஷமா யார் வீட்டுக்கும் போகலைன்னு எழுதியிருக்கீங்க. நானூத்திப் பன்னிரண்டு பெண்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்காங்க, நீங்க வந்தீங்க, கை வச்சுப் பார்த்தீங்கன்னு. பிச்சம்மாங்கிறவங்க சத்தியமே பண்றாங்க. உடம்பு சரியில்லாம இருந்து எழுதிட்டீங்களாம்மா?"

"இல்ல சார். நான் போகல. அந்த ரெண்டு வருசத்துல நான் நெசமாக் கை வச்சுப் பாத்தது ஒரே ஒருத்தியத்தான் சார். சுடலைவடிவு."

அவர் பக்கங்களைப் புரட்டினார், கணினியில் தேடினார், பக்கத்தில் இருந்தவரிடம் திரும்பி ஏதோ கேட்டார்.

"அந்தப் பொண்ணு ஜூன் மாசமே வேற மாவட்டம் போயிட்டதா இருக்கேம்மா. பிரசவமும் அந்த மாவட்டத்துப் பேர்லதான் பதிவாகியிருக்கு. நீங்க பார்த்திருக்க வாய்ப்பே இல்ல. அப்படி ஒரு கேஸே நம்மகிட்ட கிடையாது."

"வெளிய பெஞ்சுல உக்காந்திருக்கா சார். பிள்ளையோட வந்திருக்கா. எனக்காகச் சாட்சி சொல்ல வந்திருக்கா."

யாரும் எழுந்து பார்க்கவில்லை. வராந்தாவில் பசியெடுத்த குழந்தை வீறிட்டு அழத் தொடங்கியது. அதிகாரி இரண்டு மூன்று தடவை பேச வாயெடுத்து, சத்தத்தில் முடியாமல், முகத்தைச் சுளித்துக்கொண்டு மணியை அடித்தார்.

"யாருப்பா அங்க? அந்தக் கதவைச் சாத்து."

உதவியாளர் கதவைச் சாத்தினார். குழந்தை அழுதுகொண்டேதான் இருந்தது.